ஏறும்போது விட வேண்டிய மூச்சு

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் ஒப்பீட்டு அறிக்கை வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். மூன்று இடங்கள்: மினிக்காய், போர்ட் பிளேர், திருகோணமலை. இவற்றில் ஒன்றில் பிப்ரவரி மாதம் மூன்று வாரம் கடலுக்கடியில் முத்துச் சிப்பி தேட வேண்டும். சிலிண்டர் மாட்டி மூழ்கத் தெரிந்த இரண்டு பேர் போகலாம். தூத்துக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் அப்படி இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவன் தளவாய். மற்றவன் ரோச்.

1976 ஜனவரி. தளவாய் வெள்ளிக்கிழமை மாலையே தாளில் கோடு போட்டு வைத்தான். இடது ஓரத்தில் மூன்று ஊர்ப் பெயர்கள். மேலே ஐந்து தலைப்புகள்: தண்ணீரின் சூடு, தெளிவு, ஆழம், காற்று, டாக்டர். சூடு மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். இருபத்தெட்டு டிகிரி. அதை முதலில் எழுதினான். பிறகு பேனாவை மூடி வைத்தான்.

காலையில் கடலில் பார்த்தது மறுபடி மறுபடி வந்தது.

முயல் தீவைத் தாண்டி எட்டுப் பாகம் ஆழத்தில் அன்று பயிற்சி. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஆறு அடி. அதுவரை செய்த பயிற்சியெல்லாம் இறங்குவது, கீழே இருப்பது, ஏறுவது. அன்றுதான் சிப்பி எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். ரோச் கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு கை நிறைய அள்ளிவிட்டான். அவன் ஏறத் தொடங்கினான். தளவாய் கீழேயிருந்து பார்த்தான். பாதித் தூரத்துக்கு மேல் ரோச்சின் தலைக்கு மேலே குமிழ் இல்லை.

ஏறுகிற ஆளிடமிருந்து குமிழ் வர வேண்டும். வரவில்லையென்றால் அவன் மூச்சைப் பிடித்திருக்கிறான்.

சங்கு குளிப்பவன் மேலே உள்ள காற்றை நெஞ்சில் எடுத்துக்கொண்டு கீழே போகிறான். அது கீழே சுருங்கும். மேலே வந்தால் பழைய அளவுக்கு விரியும். அவனுக்கு ஒன்றும் ஆகாது. வாயை மூடிக்கொண்டு போய் வாயை மூடிக்கொண்டு வரலாம். சிலிண்டர் மாட்டியவன் காற்றைக் கீழேயே எடுக்கிறான். கீழே எடுத்த காற்று ஏற ஏறப் பெருகும். விட்டுக்கொண்டே ஏற வேண்டும். விடாவிட்டால் நுரையீரல் கிழியும். கொச்சியில் கடற்படைக்காரர்கள் தளவாய்க்கு ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதே என்றார்கள்.

ரோச் பதினாலு வயதில் சங்கு குளிக்க இறங்கியவன். இப்போது முப்பத்தெட்டு. இருபத்துநாலு வருடம் அவன் உயிரோடு இருந்தது வாயை மூடியதால்.

வள்ளத்தில் ஏறியதும் ரோச் இரண்டு தடவை இருமினான்.

“என்ன அண்ணாச்சி?” என்றான் தளவாய்.

“உப்புத்தண்ணி. வேற என்ன, பதநீயா வரும்?”

“ஏறும்போது மூச்சு விட்டியளா?”

“விட்டேன்.”

“குமிழக் காணுமே.”

“உம்ம கண்ணாடி மங்கிருக்கும்வே. எச்சித் துப்பித் தொடையும்.” ரோச் வள்ளக்காரர் ஜீவமணியின் பக்கம் திரும்பினான். “ஆத்துல எருமை குளிப்பாட்டுன ஆளு. எனக்குக் கடல்ல மூச்சுவிடச் சொல்லித் தாராரு. காலம் எப்படிக் கிடக்கு பாத்தீரா?”

“எருமையும் மூச்சு விடும்லா,” என்றார் ஜீவமணி. “அந்த அனுபவம்.”

தளவாயும் சிரித்தான். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் வயல்காட்டுக் குடும்பம் அவனுடையது. ரோச்சைவிட ஒன்பது வயது சின்னவன். நிலையத்தில் படித்ததால் அவன் மேலே, ரோச் தினக்கூலி என்பதால் கீழே. இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சிரித்து முடித்த பிறகும் தளவாய் ரோச்சின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கரை வரும்வரை பார்த்தான்.

சனிக்கிழமை நிலையத்தில் அரைநாள். எல்லோரும் போன பிறகும் தளவாய் மேசையைவிட்டு எழவில்லை.

திருகோணமலையை முதலில் எடுத்துக்கொண்டான். பிப்ரவரியில் அங்கே வாடைக்காற்று ஓய்ந்திருக்காது. கடல் கலங்கிக் கிடக்கும். நமக்குத் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில்தான் அந்தக் கரை அடங்கும். போதாததற்கு இரண்டு அரசாங்கத்தின் அனுமதி. குறுக்கே கோடு போட்டான்.

போர்ட் பிளேர். மெட்ராஸிலிருந்து கப்பலில் நாலு நாள். இயக்குநர் ஆசைப்படும், கருமுத்துத் தரும் கருஞ்சிப்பி அங்கே இருக்கிறது. பத்துப் பாகத்திலிருந்து பதினைந்து பாகம் ஆழம். பெரிய ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் நுரையீரல் கிழிந்தவனை வைத்து அழுத்தம் கொடுக்கிற இரும்பு அறை அங்கே இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. டாக்டர் என்ற தலைப்பின் கீழ் ‘தெரியவில்லை’ என்று எழுதினான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மினிக்காய். கொச்சியிலிருந்து கப்பல், எப்போது வரும் என்பது நிச்சயமில்லை. டாக்டர் ஒருவர். தீவைச் சுற்றிப் பாறை வளையம். வளையத்துக்கு உள்ளே அடங்கிய கடல், இரண்டு மூன்று பாகம்தான். வள்ளத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே கடல் தரையைப் பார்க்கலாம்.

இரண்டு மூன்று பாகம். தளவாய்க்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ‘மூன்றில் மினிக்காய் சிறந்தது’ என்று எழுதி அடிக்கோடிட்டான். சிப்பி கிடைக்காவிட்டால் போகட்டும். ரோச் ஆழத்துக்குப் போக வேண்டியதில்லை. போய்வருவான். வேலையும் கிடைக்கும்.

வேலைதான் விஷயம். ரோச் ஐந்து வருடமாகத் தினக்கூலி. பத்தாம் வகுப்பு இல்லாததால் நிரந்தரமாக்க முடியாது. வெளியூர் ஆய்வு ஒன்றில் முழுதாக மூழ்கி வந்தவர் என்றால் விதியைத் தளர்த்தலாம் என்று ஓர் உத்தரவு இருந்தது. அந்த வேலைக்கான காலியிடம் மார்ச் மாதம்வரைதான். அதற்குமுன் அவன் சிலிண்டருடன் மூழ்கத் தகுதியானவன் என்று பயிற்சி கொடுத்தவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளும் மேசையில் கிடந்தது. பயிற்சி கொடுத்தவர் தளவாய்.

சரிபார்ப்பதற்காகக் கடற்படைக் கையேட்டைப் புரட்டினான். அதில் ஓர் அட்டவணை இருந்தது. பலமுறை பார்த்ததுதான். பதினைந்து பாகத்திலிருந்து பத்துக்கு ஏறினால் நெஞ்சில் உள்ள காற்று மூன்றில் ஒரு பங்கு கூடும். ஐந்து பாகத்திலிருந்து மேல்மட்டத்துக்கு ஏறினால் இரண்டு மடங்காகும்.

அதே ஐந்து பாகம்தான். ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு. மேலே இரண்டு மடங்கு.

கொச்சியில் பயிற்சியாளர் சொன்னது ஞாபகம் வந்தது. நுரையீரல் கிழியக் கடல்கூட வேண்டாம், நீச்சல் குளத்தின் ஆழமான மூலையே போதும் என்றார்.

கடைசி ஐந்து பாகம் எல்லாக் கடலிலும் இருக்கிறது. மினிக்காயில் அது மட்டும்தான் இருக்கிறது.

மினிக்காய் சிறந்தது என்று எழுதிய தாளை அவன் கிழித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிகிற நேரம் பார்த்து ரோச் வீட்டுக்குப் போனான். ரோச் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி ஞானபாக்கியம் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க தம்பி. அந்தமானா, மினிக்காயா? இவுகளக் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்காக.”

“இன்னும் எழுதல அக்கா.”

“மினிக்காய்னு எழுதுங்க. மாசிக் கருவாடு கொண்டாரலாம். இங்கன விக்கிறதுல பாதி கட்டை. அந்தமான்ல அம்பு விடுதவன் இருக்கானாமே.”

“என்னைய அம்பு விட்டா அவனுக்கு என்ன கிடைக்கும்?” என்றான் ரோச். “எலும்பு.”

“வாயி கிடைக்கும். கச்சான் மாசம் முழுக்க வீட்டுல உக்காந்துக்கிட்டு இந்த வாயோட என்ன பாடு தெரியுமா தம்பி? வேல மட்டும் நிரந்தரமாகட்டும். மாதாவுக்கு மெழுகுவத்தி என் உயரத்துக்கு.”

“அப்ப சின்ன மெழுகுவத்திதான்,” என்றான் ரோச்.

அவள் வெங்காயத் தோலை அவன்மேல் எறிந்தாள். பிறகு தளவாயைப் பார்த்தாள். “முகம் ஏன் இப்படி இருக்கு? காய்ச்சலா?”

“இல்ல அக்கா.” அவன் ரோச்சிடம் திரும்பினான். “அண்ணாச்சி, இன்னொரு தடவ இறங்கிப் பாத்துருவோம். இப்பவே.”

“இப்பவா? ஞாயித்துக்கிழம கடல்ல கால் வைக்க மாட்டோம். அஞ்சு வருசமா எங்கூட இருக்கீரு, அதுகூடத் தெரியாதா?”

“அப்ப நாளைக் காலைல. ஆறு மணிக்கு.”

“எதுக்கு?”

ஞானபாக்கியம் கத்தியை நிறுத்தியிருந்தாள்.

“சும்மாதான். அறிக்கையில எழுதணும்,” என்றான் தளவாய்.

வாசல்வரை ரோச் கூட வந்தான். குரலைத் தாழ்த்தினான். “அந்தக் குமிழு கதையா?”

“ஆமா.”

“நான் மூச்சு விட்டேன்வே. மாதா சத்தியமா விட்டேன்.”

அவன் பொய் சொல்லவில்லை. அது முகத்தில் தெரிந்தது. தளவாய்க்கு அதுதான் பயமாக இருந்தது. பொய் சொல்கிறவனைத் திருத்திவிடலாம்.

மத்தியானம் பயிற்சிப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டான். வெள்ளிக்கு முன்பு ரோச் நாற்பத்தொரு தடவை ஏறியிருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் எதிரே தளவாயின் கையெழுத்தில் ‘சரி’ என்று இருந்தது. நாற்பத்தொன்றும் அவன் கண்ணால் பார்த்தவை. குமிழ் வந்தது. நாற்பத்திரண்டாவதில் என்ன வேறு? ஆழமா? அதற்கு முன்பும் எட்டுப் பாகம் இறங்கியிருக்கிறான். களைப்பா? அன்று முதல் இறக்கம் அதுதான். சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தும் பிடிபடவில்லை. ஒருவேளை கண்ணாடி மங்கித்தான் இருந்ததோ என்றுகூட நினைத்தான். அப்படி நினைக்க விரும்பினான்.

திங்கள் காலை ஆறரைக்கு வள்ளம் முயல் தீவுக்கு இந்தப் பக்கம் நின்றது. மூன்று பாகம். தண்ணீர் அன்று பரவாயில்லை. மேலேயிருந்தே தரை மங்கலாகத் தெரிந்தது. புதுத் துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது. ஜீவமணி நங்கூரக் கயிற்றைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

முதல் தடவை இறங்கினார்கள். ஏறும்போது தளவாய் ரோச்சின் முகத்துக்கு நேரே ஏறினான். குமிழ் வந்தது. இரண்டாவது தடவை வந்தது. மூன்றாவது தடவை ரோச் வேண்டுமென்றே ஏராளமாக விட்டான், முகமே தெரியவில்லை.

“போதுமா?” என்றான் மேலே வந்து. “சோடா பாட்டில் தோத்துரும்.”

“எழுதிக்கிடும் தம்பி,” என்றார் ஜீவமணி. “அண்ணாச்சி பொங்குதாருன்னு எழுதும்.”

தளவாய்க்கு நிம்மதி வந்தது. இன்னும் ஒரு தடவை மட்டும் என்றான். நேரம் ஏழுதான் ஆகியிருந்தது.

நான்காவது தடவை கீழே இறங்கியபோது மணலில் ஒரு சங்கு கிடந்தது. பாதி புதைந்திருந்தது. தளவாய் அதைக் காட்டவில்லை. ரோச்சே பார்த்துவிட்டான். வெறும் பழக்கத்தில் அதை எடுத்தான். விரல்கள் அதைச் சுற்றி மூடின. தலை மேலே திரும்பியது. கால் தரையை உதைத்தது.

குமிழ் நின்றது.

கன்னம் உள்ளே ஒடுங்கி, உதடு காற்றுக் குழாயின் ரப்பரைக் கவ்வி இறுகியிருந்தது. சங்குடன் வந்த அத்தனை வருடமும் அந்த முகம் அப்படித்தான் இருந்திருக்கும். கண் அமைதியாக இருந்தது. தளவாய் ஒரே பாய்ச்சலில் போய் அவன் வயிற்றில் முஷ்டியால் குத்தினான். காற்று வெடித்து வெளியே வந்தது.

“எதுக்குவே குத்துனீரு?” மேலே வந்ததும் ரோச் ரப்பரைத் துப்பிவிட்டுக் கத்தினான்.

“நீங்க மூச்சு விடல.”

“விட்டேன்!”

“வெறுங்கையா இருந்தா விடுதிய அண்ணாச்சி. கையில சங்கு வந்ததும் நின்னுபோச்சு. வெள்ளிக்கிழமையும் கையில சிப்பி இருந்துச்சு.”

ரோச் கையைப் பார்த்தான். சங்கு இன்னும் அதில் இருந்தது. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து மிதந்தான்.

“திரும்ப இறங்குவோம்,” என்றான்.

அதே சங்கைக் கீழே போட்டு அதையே எடுத்தார்கள். ஒரு தடவை சரி. இரண்டாவது சரி. மூன்றாவதும் சரி, ரோச் கண்ணை அகல விழித்து, ஒவ்வொரு மூச்சையும் தள்ளித் தள்ளி விட்டான். நாலாவது தடவை பாதி வழியில் நின்றது. தளவாய் மறுபடி குத்தினான். இந்தத் தடவை ரோச் கத்தவில்லை.

வள்ளத்தில் இருவரும் சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

“எனக்கே தெரியலவே,” என்றான் ரோச். “விடுதேன்னுதான் நெனக்கேன்.”

“தெரியும்.”

“ஒரு மாசம் தாரும். சரியாக்கிருவேன்.”

“பத்து மணிக்குக் கொடுக்கணும் அண்ணாச்சி.”

“அதுக்காவ?”

தளவாய் கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொன்னான். கூடை. கயிற்றில் கட்டிய கூடையைக் கீழே விடலாம். ரோச் சிப்பியைக் கூடையில் போடட்டும். வள்ளத்தில் இருப்பவர் இழுக்கட்டும். ரோச் வெறுங்கையோடு ஏறட்டும்.

“பொம்பளையாளு சந்தைக்குப் போற மாதிரி,” என்றான் ரோச். ஆனால் தலையை ஆட்டினான். “செய்யலாம்.”

“மேல ஆளு வேணும். கூடை வராம நீங்க ஏறுனா உங்க இடுப்புல கட்டுன கயிறச் சுண்டி ஞாபகப்படுத்துத ஆளு. உங்களத் தெரிஞ்ச ஆளு.”

ஜீவமணி நங்கூரத்தை எடுத்துக்கொண்டிருந்தார். “என்னைய ஏம்வே பாக்கீரு? கூட்டிட்டுப் போனா வாரேன். அந்தமான் என்ன, லண்டன்னாலும் வாரேன்.”

அந்தத் தைரியத்தில் தளவாய் ஒன்பது மணிக்கு அறிக்கையை எழுதி முடித்தான். ஐந்து தலைப்போடு ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தான்: மேலே கயிறு பிடிக்கும் ஆள். மூன்று ஊருக்கும் எதிரே ‘நாமே கொண்டுபோக வேண்டும்’ என்று எழுதினான். ஆபத்து எங்கேயும் ஒன்றுதான் என்பதால் சிப்பி இருக்கிற போர்ட் பிளேரைப் பரிந்துரைத்தான்.

இயக்குநர் அறிக்கையை ஒருமுறை வாசித்தார். மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். “குட்,” என்றார். “போர்ட் பிளேர். அதுதான் நான் நினைச்சது. மூணாவது ஆள் எதுக்கு? ரெண்டு டிக்கெட்தான் சாங்க்ஷன்.”

தளவாய் சொன்னான். சங்கு, வாய், குமிழ், கூடை. இயக்குநர் குறுக்கிடாமல் கேட்டார்.

“மொத்தம் எத்தனை அசெண்ட்?”

“ஐம்பது சார்.”

“ஃபெயில்?”

“மூணு.”

“நாற்பத்தேழு சரி. உங்க டிரெயினிங்ல நீங்க எடுத்த மார்க்கைவிடக் கூட.” அவர் சிரித்தார். “அங்கே லாஞ்சில் ஆள் இருப்பாங்க. கயிறு பிடிக்கத் தெரியாதா? கையெழுத்துப் போடுங்க. அவனுக்கு இது விட்டா வேற சான்ஸ் இல்லை. தெரியுமில்லையா?”

“தெரியும் சார்.”

பேனா மேசையில் இருந்தது. தாளில் ரோச்சின் முழுப் பெயர் டைப் செய்திருந்தது. கீழே ‘தகுதியுள்ளவர்’ என்று இருந்தது. தளவாய் பேனாவை எடுத்தான். லாஞ்சில் நிற்கப்போகிற ஆளை நினைத்துப்பார்த்தான். முகம் வரவில்லை. வெளியூர்க்காரன்; பீடி குடித்துக்கொண்டு கயிற்றைக் காலில் மிதித்திருப்பான். கீழே கூடைக்கு நாலடி தள்ளி ஒரு பெரிய கருஞ்சிப்பி கிடக்கும். ரோச் அதைப் பார்ப்பான்.

“கையில சிப்பியோட ஏறினது ஆறு தடவைதான் சார்,” என்றான். “அதுல மூணு.”

இயக்குநர் சிரிப்பை நிறுத்தினார்.

“ஜீவமணி வந்தா போடுறேன். இல்லாட்டி முடியாது.”

“மூணாவது டிக்கெட் முடியாது, தளவாய்.”

“அப்ப முடியாது சார்.”

அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை இழுத்து டிராயரில் போட்டார். கொச்சியில் ஒரு பையன் இருக்கிறான், தந்தி கொடுக்கிறேன் என்றார்.

ரோச் கம்ப்ரஸர் கொட்டகைக்கு வெளியே நின்றிருந்தான். குளித்து, நேற்றைய வெள்ளைச் சட்டையைப் போட்டு வந்திருந்தான். தளவாய் நடந்து வருவதைப் பார்த்தே தெரிந்துகொண்டான். ஆனாலும் சொல்லும்வரை காத்திருந்தான்.

தளவாய் சொன்னான்.

“கூடைக்குத்தான் சம்மதிச்சேனேவே.”

“மேல ஆளு இல்ல அண்ணாச்சி.”

“போடுன்னு அவரே சொல்லியிருக்காரு. நீரு மாட்டேன்னீரு.”

“ஆமா.”

“எனக்கு மூச்சுவிடத் தெரியாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டீரு.” அவன் குரல் உயரவில்லை. “எனக்கு. இந்தக் கடல்ல எங்க அப்பனுக்கோ தாத்தனுக்கோ அப்படி ஒரு பேரு கிடையாது. நீரு வந்து குடுத்துட்டீரு. நல்லா இரும்.”

அவன் முகக்கண்ணாடியைக் கொட்டகைத் திண்டில் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சங்கு வள்ளம் ஒன்றில் இறங்குவதாக ஜீவமணி சொன்னார். அவரும் அதன்பிறகு தளவாயிடம் வேடிக்கை பேசவில்லை.

பிப்ரவரி முதல் வாரம். மெட்ராஸ் ரயிலுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. தளவாய் தன் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். ஞானபாக்கியம் வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னான். உட்காரவில்லை.

“ஒண்ணு கேக்கணும் தம்பி. மறைக்காம சொல்லணும். போயிருந்தா அவுக செத்திருப்பாகளா?”

தளவாய் மடித்த துண்டைக் கையில் வைத்திருந்தான்.

“தெரியல அக்கா.”

“தெரியலன்னா?”

“மூணு தடவ மூச்ச அடைச்சாக. மூணு தடவையும் ஒண்ணும் ஆகல. ரெண்டு தடவ நான் குத்துனேன். முதத்தடவ தானாவே தப்பிச்சாக.”

“அப்ப அங்கயும் தப்பிச்சிருக்கலாம்.”

“இருக்கலாம்.”

“வேலையும் கிடைச்சிருக்கும்.”

“ஆமா.”

அவள் தெருவைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று தளவாய் நினைத்தான். அந்த இரண்டு வாரமும் அவன் அதற்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தான்.

“அவுக தூங்குறது இல்ல,” என்றாள். “சாப்பிட உக்காந்தா கையில சோத்த வச்சிக்கிட்டு ஊதி ஊதிப் பாக்காக. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. நான் விடுதேனா, நான் விடுதேனான்னு. எதுத்தாப்புல உக்காந்து பாக்க முடியல தம்பி.”

தளவாய் துண்டைப் பெட்டியில் வைத்தான்.

“நீங்க வந்து சொல்லணும். போயிருந்தா நிச்சயம் செத்திருப்பியன்னு சொல்லணும். இருக்கலாம் கிருக்கலாம்னு சொல்லக்கூடாது. நிச்சயம்னு சொன்னா விட்டுருவாக. இருக்கலாம்னா விட மாட்டாக.”

“அக்கா, எனக்கே நிச்சயமாத் தெரியாதே.”

“அது உங்க பாடு,” என்றாள். “எங்களுக்கு நிச்சயம் வேணும்.”

அவள் முன்னால் நடந்தாள். தளவாய் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் போனான். வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் ‘நிச்சயம்’ என்ற இடத்தில் நின்றது. தெரு முனையில் ஞானபாக்கியம், நான் பின்னால வாரேன், நானு கூட்டிட்டு வந்தது தெரிய வேண்டாம் என்று ஒதுங்கினாள்.

ரோச் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலில் பட்ட காயத்துக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

“அண்ணாச்சி,” என்றான் தளவாய். “நீங்க போயிருந்தா நிச்சயம் செத்திருப்பிய.”

ரோச் துணியின் முடிச்சை இறுக்கினான். பல்லால் நுனியை அறுத்தான்.

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

“எந்த ஊர்ல? மினிக்காய்லயுமா?”

“அங்கயும்தான். முதல் வாரத்துலயே.”

ரோச் அவன் முகத்தை நெடுநேரம் பார்த்தான். சங்கு தேடுகிற ஆள் கலங்கிய தண்ணீரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். தளவாய் கண்ணை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது.

“சரி,” என்றான் ரோச்.

தெரு முனையில் ஞானபாக்கியம் மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தாள்.